கண்மாய்க்குப் போகும் முன் கணக்குப் பிரிவுக்குப் போங்கள்

மானியம் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று துறை முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். 480 ரூபாய். இரண்டு வருடத் திட்டத்தில் யாரும் கேள்வி கேட்காத ஒரே செலவு அதுதான். என் பையிலிருந்து கொடுத்தது.

நாளிதழ் ஒன்றில் 11 வருடம் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, தென்மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் இதழியல் துறைக்குத் திட்ட ஒருங்கிணைப்பாளராகப் போனவன் நான். இதழியல் துறையும் புவியியல் துறையும் சேர்ந்து சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளை, பார்ப்பது. நீர் நிற்கும் பரப்பு எவ்வளவு சுருங்கியிருக்கிறது, ஏன், யாரால் என்று கண்டுபிடிப்பது. ஓர் ஆய்வறிக்கை, ஆய்விதழுக்கு இரண்டு கட்டுரை, கூடவே ஒரு தமிழ் நாளிதழில் தொடர். இதுதான் திட்டம். பணம் மத்திய அரசு சார்ந்த அமைப்பு ஒன்றுடையது. முதன்மை ஆய்வாளர் புவியியல் பேராசிரியர். களத்துக்கு ஆய்வாளர் இருவர், நிருபர் ஒருவர். மிச்சமெல்லாம் "நீங்க பாத்துக்குங்க சார்" என்ற ஒரு வரியில் என் தலையில் விழுந்தது.

அந்த மிச்சம் என்ன என்பதை, இதே மாதிரி வேலையில் புதிதாக மாட்டியிருப்பவருக்குச் சொல்கிறேன். ஆய்வு செய்வது எப்படி, செய்தி எழுதுவது எப்படி என்பதெல்லாம் இதில் இல்லை. அவை தெரிந்தவர்கள் உங்கள் குழுவில் இருப்பார்கள். கோப்பு தெரிந்தவர்தான் இருக்க மாட்டார்.

ஆணையும் மழையும்

ஒப்பளிப்பு ஆணை, அதாவது நிதியை அனுமதிக்கும் கடிதம், வந்ததும் அதை மூன்று தடவை வாசியுங்கள். முதல் தடவை தொகைக்காக; அதை எல்லோரும் செய்வார்கள். இரண்டாவது தடவை தலைப்புகளுக்காக. சம்பளம், களப்பணி, கருவி, சில்லறைச் செலவு என்று எதற்கு எவ்வளவு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற யாருடைய அனுமதி வேண்டும் என்பதற்காக. மூன்றாவது தடவை தேதிக்காக. திட்டம் எந்த நாளில் தொடங்குகிறது? ஆணையில் போட்டிருக்கும் நாளா, பணம் வந்த நாளா, ஆள் வேலைக்குச் சேர்ந்த நாளா? ஆணையில் தெளிவாக இல்லையென்றால் அன்றே கடிதம் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். நான் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு மாதம் கையைவிட்டுப் போனது.

எங்களுக்கு ஆணை வந்தது பிப்ரவரி மூன்றாவது வாரம். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஆள் எடுக்க விளம்பரம், நேர்காணல், நியமன ஆணை என்று எல்லாம் முடிந்து ஆய்வாளர்கள் சேர்ந்தபோது மே மாதம். இப்போது பல மத்திய அரசு நிதிகள் பணமாக வங்கிக்கு வருவதில்லை. இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்பாகத்தான் வருகின்றன. மார்ச் 31 இரவோடு செலவழியாத வரம்பு திரும்பிவிடும், புது ஆண்டில் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். உங்கள் நிதி எந்த வகை என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் வேலைக்கு இன்னொரு நாட்காட்டியும் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கண்மாயில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்க்க டிசம்பரில் போக வேண்டும். உள்வாயில், அதாவது கண்மாய்க்குள் நீர் தேங்கும் பகுதியில், யார் எதுவரை உழுதிருக்கிறார்கள் என்று பார்க்க, வறண்டு கிடக்கும் மே, ஜூனில் போக வேண்டும். இரண்டும் வேண்டும். 24 மாதத் திட்டத்தில் இரண்டு மழைக்காலம்தான் வரும். ஆள் எடுப்பதிலோ கருவி வாங்குவதிலோ ஒன்றைத் தவறவிட்டால் பாதித் திட்டம் போய்விடும். ஆகவே ஒரு பெரிய தாளில் மூன்று கோடு போட்டேன்: மழைக்கு ஒன்று, மார்ச்சுக்கு ஒன்று, பல்கலைக்கழகத் தேர்வுக் காலத்துக்கு ஒன்று. தேர்வுக் காலத்தில் பேராசிரியர் கையெழுத்துக்குக்கூட அகப்பட மாட்டார். அந்தத் தாள் இரண்டு வருடமும் என் மேசைக்கு மேலே தொங்கியது. கணினியில் போட்ட அழகான அட்டவணைகளை யாரும் திறந்து பார்த்ததாக நினைவில்லை.

கண்காணிப்பாளரிடம் கேட்க வேண்டியவை

கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளரை எதிரியாக நினைப்பது எங்கள் துறையில் பரம்பரை வழக்கம். பில்லைத் திருப்பி அனுப்புகிறவர் என்பதால். ஆனால் தணிக்கை வரும்போது அவர்தான் பதில் சொல்லி ஆக வேண்டும். முதல் பில் கொடுப்பதற்கு முன்பே ஒரு மதியம் போய் உட்காருங்கள். நான் கேட்டவை இவை: ஆட்டோவுக்கு பில் கிடையாது, என்ன எழுதித் தருவது? கையால் எழுதிய வவுச்சர் எந்தத் தொகை வரை செல்லும்? முன்பணம் வாங்கினால் எத்தனை நாளில் கணக்குக் கொடுக்க வேண்டும்? பழைய முன்பணம் நேராகாமல் புதியது தருவீர்களா? பயணப் பட்டியலில் என்னென்ன கட்டங்கள், எதை நிரப்பாவிட்டால் திரும்பி வரும்?

அவர் சொன்ன பதில்களை ஒரே பக்கத்தில் அலுவலகக் குறிப்பாகத் தட்டச்சு செய்து, அவரிடமே காட்டி, சுருக்கொப்பம் வாங்கிக் கோப்பில் வைத்தேன். பிறகு அந்த இருக்கைக்கு இரண்டு பேர் மாறி வந்தார்கள். அந்தப் பக்கம் மாறவில்லை.

சிறு விஷயங்களும் உண்டு. 5,000 ரூபாய்க்கு மேல் பெற்றுக்கொண்டதற்கான ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வேண்டும். ஒரு தாள் வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி வாங்கினால் பில்லின் பின்பக்கம் இருப்புப் பதிவேட்டுப் பக்க எண் இருக்க வேண்டும். கொள்முதலுக்கு 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகள்தான் வேதம். அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் கிடைக்கும் பொருளை ஜெம்மில்தான் வாங்க வேண்டும். விலைப்புள்ளி இல்லாமல் வாங்கும் வரம்பை இடையில் உயர்த்தியிருக்கிறார்கள், உங்கள் பல்கலைக்கழகம் எதைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவுக்கு ஆர்டர் போடும்போது மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, பை எல்லாவற்றையும் அந்த ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள். நான் கார்டை விட்டுவிட்டேன். அந்தக் கார்டுக்குத் தனியாக ஒரு கோப்பு ஓடியது.

சம்பளம் பற்றி ஒன்று. இரண்டாம் தவணை, முதல் தவணைக்கான யூ.சி. போன பிறகுதான் வரும். அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ். அது போய், அங்கே பார்த்து, பணம் வர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் முதலில் அடிபடுவது ஆய்வாளர்களின் சம்பளம். முதல் தவணையின் சம்பளத் தலைப்பில் மூன்று மாதத்துக்கானதைத் தொடாமல் இருக்கும்படி திட்டமிடுங்கள். எங்கள் ஆய்வாளர்களில் ஒருவர் இரண்டு மாதம் சம்பளமில்லாமல், அப்பாவிடம் பணம் வாங்கிக்கொண்டு களத்துக்குப் போனார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

பில்லில் இருந்த பெயர்

இனி சொல்வதுதான் எனக்கு முக்கியம். ஆய்வுத் திட்டத்தை மட்டும் நடத்தியவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது, பத்திரிகையில் மட்டும் இருந்தவர்களுக்கும் வராது. இரண்டையும் ஒரே மானியத்தில் கட்டும்போதுதான் வரும்.

முதல் மாதப் பயணப் பட்டியல்களைக் கையெழுத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். இரவு ஏழு மணி இருக்கும். எங்கள் நிருபர் ஒழுங்கானவர். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தார். 'பயண நோக்கம்' என்ற கட்டத்தில், ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் பெயர், பதவி, அவரைச் சந்தித்த டீக்கடை இருக்கும் முக்கு, தேதி, நேரம். ஆக்கிரமிப்பு பற்றிய கோப்பில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னவர் அவர். தன் பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டவரும் அவர்தான். நிருபர் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்துவிட்டு வந்து பில்லில் எழுதிவிட்டார். "பில்லுன்னா உண்மையைத்தானே சார் எழுதணும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

பல்கலைக்கழகம் ஒரு பொது அதிகார அமைப்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 எங்களுக்கும் பொருந்தும். 10 ரூபாய் கட்டணமும் பக்கத்துக்கு 2 ரூபாயும் கட்டினால், இந்தத் திட்டத்தின் பயணச் செலவு வவுச்சர்களின் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நாங்கள் எழுதப்போவது யாருடைய நிலத்தைப் பற்றியோ அவரும் கேட்கலாம். சட்டத்தின் 8-ஆம் பிரிவில் விலக்குகள் இருக்கின்றன, வாதாடிப் பார்க்கலாம். ஆனால் அந்த வாதத்தை எழுத வேண்டியவர் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலர். அவருக்கு உங்கள் டீக்கடை நண்பரைத் தெரியாது. பத்திரிகையாளரின் செய்தி மூலத்தைக் காக்க இந்தியாவில் தனிச் சட்டமும் இல்லை. 1978-ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2)-ஆம் பிரிவு, அந்தக் கவுன்சிலின் முன்னால் மூலத்தைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்கிறது. அதோடு சரி.

அந்தப் பட்டியல் இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை. அதனால் திரும்ப வாங்க முடிந்தது. துறையில் எடுத்த நகலையும் வாங்கிக்கொண்டேன். புதிதாக எழுதித் தந்ததில் ஒரு பொய்யும் இல்லை: அந்த வட்டத் தலைநகரின் பெயர், 'கண்மாய் ஆவணங்கள் தொடர்பான களப்பணி', தேதி, பேருந்துக் கட்டணம். தணிக்கைக்கு வேண்டியது அவ்வளவுதான். யாரைப் பார்த்தீர்கள் என்று எந்த நிதி விதியும் கேட்பதில்லை. கட்டம் பெரிதாக இருப்பதால் நாம்தான் நிரப்பிவிடுகிறோம்.

ஏறிவிட்ட பில்லைத் திருத்தாதீர்கள். அது போலி ஆவணக் கணக்கில் சேரும். ஏறும் முன்பே பார்க்கும் ஆள் ஒருவர் வேண்டும்; அது நீங்கள்தான். நான் பார்த்த ஓட்டைகளைச் சொல்கிறேன்.

டாக்ஸி வைத்தால் ஓட்டுநர் டிரிப் ஷீட்டில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் எழுதுவார், தெருப் பெயரோடு. ஆகவே அப்படிப்பட்ட சந்திப்புக்குப் பேருந்தில் போகச் சொன்னேன். செல்போன் செலவை ஈடுகட்ட, யாரிடம் எத்தனை நிமிடம் பேசினார் என்ற விவரப் பட்டியலோடு பில்லை இணைக்காதீர்கள். மாதம் இவ்வளவு என்று நிலையான படியாக முதலிலேயே அனுமதி வாங்குங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலில் அத்தகைய பெயர் ஒன்றுகூட வரக் கூடாது. களக் குறிப்பேட்டில் 'க-14' மாதிரிக் குறியீடு மட்டும். குறியீட்டுக்கு உரிய பெயர் தனி நோட்டில். அது நிருபரிடம் ஒன்று, உறையில் ஒட்டி முதன்மை ஆய்வாளரிடம் ஒன்று. எனக்கே தெரியாது. ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியாமல் இருப்பதுதான் நல்லது. கோப்பில் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

பணம் கொடுப்பது பற்றியும் முதலிலேயே முடிவெடுங்கள். சமூக ஆய்வுகளில் பதில் சொல்பவருக்குச் சிறு மதிப்பூதியம் தருவது உண்டு. செய்திக்குக் காசு தருவது பத்திரிகையில் கூடாத காரியம். ஒரே ஊரில், ஒரே திட்டத்தில், ஆய்வாளர் பணம் கொடுத்து நிருபர் கொடுக்காவிட்டால் ஊரில் என்ன பேசுவார்கள்? நாங்கள் யாருக்கும் தரவில்லை. கூடவே நடந்து வந்து கரையையும் மடையையும் காட்டியவருக்கு மட்டும் ஒரு நாள் கூலி. அதற்கு அவர் விருப்பத்தோடு வவுச்சரில் பெயரும் கையெழுத்தும்.

கையெழுத்துக் கேட்டால்

பல்கலைக்கழக அறநெறிக் குழு ஒப்புதல் படிவம் கேட்கும். எங்களிடம் இருந்த மாதிரி, பெயர் வெளியிடப்படாது என்று எல்லோருக்கும் பொதுவாக உறுதி கொடுத்தது. ஆய்வுக்கு அது சரி. அதே ஆளை நிருபர் பெயரோடும் படத்தோடும் எழுத நினைத்தால் அந்த உறுதி என்ன ஆகும்? படிவத்தில் மூன்று கட்டம் போட்டோம்: ஆய்வுக்கு மட்டும், பெயரில்லாமல் பத்திரிகைக்கும், பெயர், படத்தோடு பத்திரிகைக்கும். வெளியாகும் நாள் வரை மனம் மாறலாம் என்று ஒரு வரி.

அறையில் அழகாக இருந்த படிவம் ஊரில் முதல் நாளே நின்றுபோனது. எங்கள் ஆய்வாளர் ஒரு நீர்ப்பாய்ச்சியிடம் போனார். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் பொறுப்புள்ளவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு மணி நேரம் கரையில் நடந்தபடி பேசினார். எந்த மடை எந்த வயலுக்கு, நிரம்பிய நீர் வெளியேறும் கலுங்கில் எவ்வளவு வழிந்தால் எந்த ஊருக்கு எச்சரிக்கை சொல்வார்கள், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தூர்ந்தது, எல்லாம். முடிந்ததும் படிவத்தை நீட்டினால், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஏந்த்தா, இதுல கைநாட்டு வச்சா எதையும் எழுதி வாங்கிருவீகளா?"

அவர் வாழ்க்கையில் கைரேகை வைத்த தாள் ஒவ்வொன்றும் கடனோ நிலமோ சம்பந்தப்பட்டதாக இருந்திருக்கும். அவர் கேட்டதில் ஆச்சரியமில்லை. மறுநாளே அறநெறிக் குழுவுக்குத் திருத்தம் எழுதினோம்: படிவத்தை வாசித்துக் காட்டி, வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்தால் போதும், கூட ஒரு சாட்சி. அனுமதி வர ஆறு வாரம். ஆகவே உங்கள் முதல் விண்ணப்பத்திலேயே இரண்டு வழியையும் சேர்த்து எழுதிவிடுங்கள். 'பங்கேற்பாளர்', 'தரவு' மாதிரிச் சொற்களையும் எடுத்துவிடுங்கள். 'நீங்க சொன்னதைப் பேப்பர்ல போடலாமா, பேரைப் போடலாமா?' இதைவிட நல்ல ஒப்புதல் படிவம் நான் பார்த்ததில்லை.

தகவல் உரிமை மனுக்களை முதல் வாரமே

30 நாளில் பதில் வர வேண்டும் என்கிறது சட்டம். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கு 30 நாள், அதிகபட்சம் 45. பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. கூட்டிப் பாருங்கள், கடைசி வருடத்தில் மனுப் போட்டால் பதில் வருவதற்குள் திட்டமே முடிந்திருக்கும்.

யார் பெயரில் போடுவது? சட்டத்தின் 3-ஆம் பிரிவு குடிமக்களுக்குத்தான் உரிமை தருகிறது. துறையின் முகவரித்தாளில் திட்டத்தின் பெயரில் போட்டால் திருப்பிவிடலாம். தனி ஆளின் பெயரில் போடுங்கள். அந்த ஆள் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கும் ஆய்வாளராக இருக்கக் கூடாது. அவர் வேறு வேலைக்குப் போன பிறகு மேல்முறையீட்டு விசாரணைக் கடிதம் அவர் வீட்டுக்குப் போகும். எங்களுடையது 26 மனு, எல்லாம் என் பெயரில், என் வீட்டு முகவரியில். என் மனைவிக்குத் தபால்காரரோடு நல்ல பழக்கமாகிவிட்டது.

எந்த அலுவலகத்துக்கு? 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். நீர்வளத் துறை 2021-இல்தான் பொதுப்பணித் துறையிலிருந்து தனியானது. ஊரில் இன்றும் 'பி.டபிள்யூ.டி. கண்மாய்' என்றுதான் சொல்வார்கள். தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டால் ஐந்து நாளில் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 6(3)-ஆம் பிரிவு இருக்கிறது. மனுவின் கடைசியில் அதைக் குறிப்பிட்டுவிடுங்கள். ஏன் அகற்றவில்லை என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்பதற்குப் பதில் கோப்பில் இருக்காது. '2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின் கீழ் இந்தக் கண்மாய்க்கு அனுப்பிய அறிவிப்புகளின் நகல்' என்று கேளுங்கள். நகல் இருந்தால் தந்தாக வேண்டும். இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதித் தருவார்கள். அதுவே ஒரு செய்தி.

இணையத்தில் கிடைப்பதற்கு மனுப் போடாதீர்கள். 'அ' பதிவேடு (ஊரின் நிலப் பதிவேடு), பட்டா, சிட்டா, புல வரைபடம் எல்லாம் வருவாய்த் துறையின் இ-சேவை தளத்தில் பார்க்கலாம்.

இரண்டு அவசரம்

நிருபருக்கு இன்றைக்கு வேண்டும். பேராசிரியருக்கு அடுத்த வருடம் ஆய்விதழில் வந்த பிறகு வேண்டும். இருவரும் நியாயமாகத்தான் பேசுவார்கள், இருவரும் உங்கள் மேசைக்கு வந்து பேசுவார்கள். முதல் மழையிலேயே எங்களுக்கு இது வந்தது. ஒரு கண்மாயில் கலுங்குப் பக்கம் கரை கரைகிறது என்று நிருபர் படத்தோடு வந்தார். எங்கள் அளவீட்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்றார். சரிபார்க்காத அளவை வெளியே விட மாட்டேன் என்றார் பேராசிரியர்.

அன்று மாலை உட்கார்ந்து எழுதியதைப் பிறகு யாரும் மாற்றவில்லை. கண்ணால் பார்த்ததும் ஆட்கள் சொன்னதும் எப்போது வேண்டுமானாலும் செய்தியாகலாம். எங்கள் அட்டவணையிலிருந்து எடுக்கும் எண் மட்டும் இரண்டு பேர் சரிபார்த்த பிறகே. கட்டுரை வரைவு முதன்மை ஆய்வாளருக்குப் போகும். 48 மணி நேரத்தில் உண்மைப் பிழைகளை மட்டும் எழுத்தில் சொல்லலாம். நடை, தலைப்பு, கோணம் அவர் வேலையில்லை. பதில் வராவிட்டால் சம்மதம். இதைத் திட்டம் தொடங்கும் அன்றே எழுதியிருக்க வேண்டும். கரை கரைகிற நாளில் உட்கார்ந்து எழுதினோம்.

இவர்கள் சண்டையால் நன்மையும் வந்தது. செயற்கைக்கோள் படத்தை வைத்துப் புவியியல் துறை நீர்ப்பரப்பைக் கணக்கிட்டது. லேண்ட்சாட் படங்கள் 2008-லிருந்து இலவசம், சென்டினல்-2 படங்களும் அப்படியே, செலவே இல்லை. ஒரு கண்மாய் டிசம்பரிலும் கால்வாசிதான் நிரம்பியிருப்பதாக வந்தது. நிருபர் நேரில் போனால் இடுப்பளவுத் தண்ணீர். மேலே அடர்ந்து நின்ற சீமைக்கருவேலம். படத்துக்குத் தெரிந்தது பச்சை இலை, தண்ணீர் அதன் அடியில். அந்தக் கண்மாயோடு இன்னும் சிலவற்றையும் திரும்பக் கணக்கிட்டார்கள். செய்தியாக முதலிலேயே விட்டிருந்தால் மறுநாள் ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

வெளியிடும் நாளிதழோடு ஓர் ஒப்பந்தம் போடுங்கள். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் எந்த நிதியில் செய்த வேலை என்று ஒரு வரி இருக்க வேண்டும். நிதி தந்தவர்களுக்கு வரைவைக் காட்டுவதில்லை என்றும் எழுதுங்கள். யாரும் கேட்காதபோதே எழுதிவிடுங்கள், கேட்ட பிறகு எழுதினால் சண்டையாகத் தெரியும். குற்றம் சாட்டப்படுபவருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி ஒரு வாரம் காத்திருப்பது, வழக்கறிஞர் பார்ப்பது, வழக்கு வந்தால் யார் செலவு என்பதும் அதில் வர வேண்டும். இந்தியாவில் அவதூறு இன்றும் குற்றவியல் வழக்காகவும் வரும். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. பதிவாளருக்கு இது ஒன்றுதான் பயம். ஒப்பந்தத்தில் பதில் இருந்தால் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

வெளிநாட்டு நிதி என்றால் கதையே வேறு. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பதிவுபெற்ற செய்தித்தாளின் நிருபர், பத்தியாளர், கேலிச்சித்திரக்காரர், ஆசிரியர், உரிமையாளர், வெளியீட்டாளர் எல்லோரையும் வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்கக் கூடாதவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. மின்னணு வழியில் செய்தி தயாரிக்கும் நிறுவனங்களும் அதில் உண்டு. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பல்கலைக்கழகம் வாங்கிப் பத்திரிகைக்குப் பங்கு தரலாம் என்று யாராவது யோசனை சொன்னால், எழுந்து நிதி அலுவலர் அறைக்குப் போங்கள்.

முடிக்கும்போது

பயன்பாட்டுச் சான்றிதழின் படிவம் 12-அ. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் என்பது விதி. அடுத்த தவணை வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே கொடுங்கள். பணம் வங்கியில் இருந்து வட்டி வந்திருந்தால் வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும், மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில். கேமரா, ஒலிப்பதிவுக் கருவி எல்லாவற்றையும் துறை இருப்பில் ஏற்றிவிட்டுச் சான்று வாங்குங்கள். ஒலிப்பதிவுகளை எத்தனை வருடம் வைப்பது என்று அறநெறிக் குழுவுக்குச் சொல்லியிருப்பீர்கள், அதன்படி செய்யுங்கள். ஒட்டிய உறையை முதன்மை ஆய்வாளர் என் முன்னால் திறக்காமலே கிழித்துப் போட்டார். நிருபரின் நோட்டு நிருபரிடமே இருக்கிறது, அது அவர் தொழில்.

திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துத் தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபம், ஒன்று வந்தது. தகவல் உரிமை மனுக்களில் கட்டணத்துக்காக ஒட்டிய நீதிமன்றக் கட்டண வில்லை, 26 எண்ணிக்கை, 260 ரூபாய், ரசீது இல்லை. முத்திரைத்தாள் விற்பவர் வில்லைக்கு ரசீது தருவதில்லை. மனுவில் ஒட்டியதுதான் அதற்குச் சாட்சி. கையிலிருந்து 260 ரூபாயைக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கட்டாதீர்கள். கட்டினால் அந்தச் செலவு தவறு என்று ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும், அடுத்த திட்டக்காரருக்கு அதைக் காட்டுவார்கள். 26 மனுக்களின் முதல் பக்க நகலை, வில்லை தெரியும்படி எடுத்து, மனு எண், தேதியோடு ஒரு பட்டியல் போட்டு, கண்காணிப்பாளர் சுருக்கொப்பமிட்ட அந்தப் பழைய ஒரு பக்கக் குறிப்பையும் இணைத்து அனுப்பினேன். நகல் எடுக்க 52 ரூபாய் ஆனது. அதற்கு பில் வாங்கி வைத்திருக்கிறேன்.